பையன் என்ன சொன்னான்

பட்டறைக்காரர் யாரையும் நம்ப மாட்டார். கதவு செய்யச் சொல்லி வருகிறவர்கள் துண்டுச் சீட்டில் அளவு எழுதிக்கொண்டு வந்தால் வாங்கி மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார், பிரித்துப் பார்க்க மாட்டார். டேப்பை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போய், நிலையை மேலே ஒரு தடவை, நடுவே ஒரு தடவை, கீழே ஒரு தடவை அளந்துவிட்டு வந்துதான் இரும்பில் கைவைப்பார். கடையில் எடைபோட்டு வந்த கம்பியைத் திரும்ப எடைபோடுவார். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை மருந்துக்கடைக்காரனிடம் விசாரிப்பார். மருந்துக்கடைக்காரன் சொன்னதைப் பக்கத்துக் கடைசல் பட்டறைக்காரனிடம் விசாரிப்பார்.

"நீங்க பொறந்தப்பவே, இவங்கதான் எங்கம்மாவான்னு நாலு பேர்கிட்ட கேட்டுட்டுத்தான் பால் குடிச்சிருப்பீங்க" என்பான் கடைசல்காரன்.

"கேட்டா என்ன தப்பு?" என்பார் இவர்.

அப்படிப்பட்ட மனுஷன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அளக்காமல் அறுத்தார். அது இரும்பில்லை, பெற்ற பிள்ளை.

பட்டறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர், தெருப்பக்கம் திறப்பு. வெயில் ஏறினால் கூரை படபடவென்று சத்தம் போடும். தரையெல்லாம் கசடும் கம்பித் துண்டும். செருப்பில்லாமல் நடந்தால் கால் கந்தல். பின்பக்கம் இரண்டு அறை, அதுதான் வீடு. வீட்டுக்காரி கண்ணை மூடி நாலு வருஷம் ஆகிறது. இப்போது அப்பனும் மகனும் மட்டும். மகனுக்கு முப்பத்துமூன்று வயது.

மகன் கை சுத்தமான கை. அவன் போட்ட வெல்டு மீன் செதில் மாதிரி வரிவரியாக விழும். முதலில் நாலு மூலையிலும் பொட்டு வைப்பான், மூலமட்டம் போட்டுப் பார்ப்பான், கோணம் சரியென்றால்தான் முழுக்கப் பற்றவைப்பான். எதிர்த்துப் பேச்சு கிடையாது, சினிமா கிடையாது, குடி கிடையாது. எதைச் சொன்னாலும் "சரிப்பா". கடைசல்காரன் அவனுக்கு அதையே பேராக வைத்துவிட்டான். "சரிப்பா, அந்த ஸ்பேனரை எடு" என்று கூப்பிடுவான். அவன் அதற்கும் சரி என்று எடுத்துக் கொடுப்பான். கதவு வாங்க வருகிற தகப்பன்மார்கள் அவனை ஏக்கத்தோடு பார்ப்பார்கள். எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே, தறுதலை, என்பார்கள். பட்டறைக்காரர் ரொம்ப காலம் அதைக் கேட்டு மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

கூடவே இருந்து பார்க்கிறவனுக்குத்தான் மற்றது தெரியும். தண்ணீர் குடிக்க எழுந்தால் "குடிச்சுட்டு வரட்டுமாப்பா" என்று கேட்டுவிட்டுத்தான் எழுவான். கேட்டது இவர் காதில் விழாவிட்டால் தாகத்தோடு அப்படியே இருப்பான். சுவரில் முதுகு படாமல் சாப்பிட உட்கார மாட்டான். இடது கையால் தட்டை அணைத்துக்கொண்டு, பின்னால் யாரோ துரத்துகிற மாதிரி நாலு நிமிஷத்தில் முடித்துவிடுவான். குளிக்கும் அறைக்குத் தாழ்ப்பாள் போட மாட்டான். தலையில் மாட்டுகிற வெல்டிங் மாஸ்க்கை ஒரு தரம் மாட்டிப் பார்த்தான், அது முகத்தை மூடியதும் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. அன்றிலிருந்து கையில் பிடிக்கிற கண்ணாடிதான். ஒரு கை அதற்கே போய்விடும், வேலைக்கு ஒரு கைதான். ஒரு கையால்தான் அந்த மீன் செதில்.

அவனுக்குக் கல்யாணமும் நடந்தது. பதினோரு மாதம். அந்தப் பெண் நல்ல பெண், சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. மாமனாரிடம் வந்து நின்று, அவர் அடிக்கலை, திட்டலை, ஒரு குறையும் சொல்ல முடியாது மாமா, ஆனா காலையில கட்டில்லேருந்து எழுந்திரிக்கறதுக்கு என்கிட்ட உத்தரவு கேக்கறார், நான் பொண்டாட்டியா வந்தேனா காவக்காரியா வந்தேனா தெரியலை, என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். பட்டறைக்காரரின் மனைவி அன்றைக்கு அடுப்படியிலிருந்தே ஒன்று சொன்னாள். "நாம அனுப்பின பையன் வேற. அங்கேருந்து வந்த பையன் வேற. மாத்திக் குடுத்துட்டாங்க. நீங்களும் சீல் இருக்கான்னு பாக்காம வாங்கிட்டு வந்துட்டீங்க." இவர் வாயை மூடு என்றார். அவளும் மூடிக்கொண்டாள். சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் மகள் வந்தாள். இவனுக்கு அக்கா, மூன்று வயது மூத்தவள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க வெந்நீரிலும் பவுடரிலும் போர்வை அலசி அலசிக் கைவிரலெல்லாம் ஊறிப்போன ரொட்டி மாதிரி வெளுத்திருக்கும். புருஷன் கடல் தாண்டி எங்கோ வேலை பார்க்கிறான். வாரம் ஒரு தரம் போனில் பேசுவான், உன் இஷ்டம்போல செய் என்பான், வைத்துவிடுவான்.

பின்னாலேயே பேத்தியும் வந்தாள். பதினைந்து வயது. தலைமுடியைத் தானே கத்தரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவிடமிருந்து ஆறடி தள்ளி, தெருவைப் பார்த்தபடி நின்றாள்.

கடைசல்காரன் எட்டிப் பார்த்தான். "என்னம்மா, தலையில எலி கடிச்சிருச்சா?"

"ஆமா. உங்க பட்டறை எலிதான். கிரீஸ் நாத்தம் அடிச்சுது."

கடைசல்காரன் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டான். மகள் சிரிக்கவில்லை. ஆயில் டிரம்மின் மேல் உட்கார்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக் கொட்டினாள். பள்ளிக்கூடம் போகிறேன் என்று கிளம்பிப் பன்னிரண்டு நாள் போகவே இல்லை. எவளோ ஒருத்தியின் போன் இவள் பையில் கிடைத்தது. வாத்தியார் கேட்டதற்கு நாற்காலியைத் தூக்கி எறிந்தாள், ஜன்னல் போயிற்று. முந்தாநாள் அம்மா ஒரு அறை விட்டதற்குத் திருப்பி அறைந்தாள். அதைச் சொல்லும்போது மகள் கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள், இன்னும் வலிக்கிற மாதிரி.

பிறகு மடியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தாள். பட்டறைக்காரருக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. தாளின் தலைப்பில் பெயரை மாற்றியிருந்தார்கள், மேலே ஒரு சூரியன் படம் புதிதாகப் போட்டிருந்தார்கள். இடம் அதே இடம். மலைமேல் இருக்கிற அதே விடுதி. அடங்காத பிள்ளைகளை அடக்கி அனுப்புகிற இடம். இப்போது பெண் பிள்ளைகளுக்கும் தனியாக ஒரு கட்டடம் திறந்திருக்கிறார்களாம். வியாழக்கிழமை மத்தியானம் வண்டி வரும். அம்மா கையெழுத்து போட்டாகிவிட்டது. அப்பா உள்ளூரில் இல்லாததால் தாத்தா கையெழுத்தும் வேண்டும்.

"தம்பி திருந்தலையாப்பா?" என்றாள் மகள். "ஊரெல்லாம் நீங்கதானே சொன்னீங்க, அங்க போய்த்தான் மனுஷனானான்னு. அடி உதவற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு நீங்கதானே சொன்னீங்க."

மகன் அந்தப் பக்கம் உட்கார்ந்து, ஒரு இரும்புக் கேட்டுக்குக் கீல் வைத்துக்கொண்டிருந்தான். தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அவன் தலை தூக்கிப் பார்க்கவில்லை.

பட்டறைக்காரர் கண்ணாடியை எடுத்து மாட்டினார். படிப்பு மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். பதினெட்டு வருஷத்துக்கு முந்தி இதே மாதிரி காகிதம் வந்தபோது வாசிக்கவில்லை. கொண்டுவந்தவர் சட்டை இஸ்திரி போட்டிருந்தார், பேசும்போது ஐயா ஐயா என்றார், அது போதும் என்றிருந்தது. இந்தத் தடவை விரலை வைத்து வரிவரியாகப் போனார். மகளுக்குச் சலவைக்கூடத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கொடுங்க, நான் வாசிக்கறேன், என்றாள். வேணாம் என்று தோளைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி. அதை முணுமுணுத்துக் கூட்டினார். பிள்ளை... வீட்டாரிடம்... கூறும்... குறைகளை... நம்புதல் கூடாது. அவற்றை... உடனே... விடுதிப் பொறுப்பாளரிடம்... தெரிவித்தல் வேண்டும்.

விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"என்னப்பா?" என்றாள் மகள்.

"எழுத்து சின்னதா இருக்கு. வெச்சுட்டுப் போ. வியாழக்கிழமை போடறேன்."

அவள் போன பிறகும் காகிதம் அவர் மடியிலேயே கிடந்தது. யாருக்கும் சொல்லாத ஒன்று அவரிடம் இருந்தது. பெண்டாட்டியிடமும் சொன்னதில்லை.

மகனைக் கொண்டுபோய் விட்ட மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனார். மூன்று பஸ் மாறி, மலை ஏறி, தலை சுற்றி இறங்கினார். பையனைப் பார்ப்பதற்கு முன்னால் பொறுப்பாளர் தன் அறையில் உட்காரவைத்து டீ கொடுத்தார், பிஸ்கட் தட்டை நகர்த்தினார். பசங்க வீட்டுக்குப் போகணும்னு எதையாவது கட்டிவிடுவாங்க ஐயா, அதுவும் இந்த வியாதியில ஒரு பாகம், நீங்க இளகிட்டீங்கன்னா மூணு மாச உழைப்பும் பாழ், என்றார். எவ்வளவு படித்த மனுஷன், நம்மைப்போல் ஆளுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்கிறாரே என்றிருந்தது இவருக்கு. பிறகு வராந்தா வழியாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். வரிசையாக இரும்புக் கதவுகள். எல்லாத் தாழ்ப்பாளும் வெளிப்பக்கம். பட்டறைக்காரன் கண் வேறு எங்கே போகும்? நல்ல கனத் தகடு, வெல்டும் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டார். தாழ்ப்பாள் ஏன் வெளிப்பக்கம் என்று நினைக்கவில்லை.

மகனை மொட்டையடித்திருந்தார்கள். பத்து நிமிஷம் தனியாக விட்டார்கள். கதவு சாத்தியதும் பையன் கிட்டே வந்து, உதடு அசையாமல் பேசினான். இங்க ஒரு ரூம் இருக்குப்பா. அங்க சுவரைப் பாத்து நிக்க வெக்கறாங்க. பொழுது விடியற வரைக்கும். உக்காந்தா தண்ணி ஊத்தறாங்க. பக்கத்துக் கட்டில் பையன் நின்னுகிட்டே விழுந்துட்டான், அவனை எங்க கொண்டுபோனாங்கன்னு தெரியல. என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்கப்பா. நான் பட்டறையில இருக்கேன். என்ன வேலை வேணும்னாலும் செய்யறேன்.

எல்லாம் சரியாப் போயிடும்டா என்றார் இவர்.

வெளியே வந்ததும் பொறுப்பாளர் திரும்பத் தன் அறைக்குக் கூட்டிப்போய்ச் சிரித்த முகத்தோடு கேட்டார். "பையன் என்ன சொன்னான்?"

இவர் சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். ரூம், சுவர், தண்ணீர், பக்கத்துக் கட்டில் பையன், எல்லாம். பொறுப்பாளர் தோளில் தட்டி, பாத்தீங்களா, நான் சொன்ன மாதிரியே ஆச்சா, என்றார். அப்போது பட்டறைக்காரருக்கு மனசு லேசாகிவிட்டது. அதுதான் இன்றைக்கும் அவரை அரிக்கிறது. நிம்மதியாக இருந்தது. தட்டிலிருந்து இன்னொரு பிஸ்கட் எடுத்துத் தின்றார்.

அதற்கடுத்த தடவை போனபோது பையன் ஒன்றும் சொல்லவில்லை. எப்படியிருக்கே என்றால் நல்லா இருக்கேன் என்றான். அப்பாடா, திருந்திவிட்டான் என்று நினைத்தார். இரண்டு வருஷம் கழித்து அழைத்துவந்தபோது வாசல்படியிலேயே நின்றான். ஏன்டா நிக்கறே என்றதற்கு, உள்ள வரலாமாப்பா என்று கேட்டான்.

கேட்டதும் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, பெண்டாட்டி சொன்னபோது ஒரு துளி, மருமகள் போனபோது ஒரு துளி என்று ஊறிக்கொண்டே வந்தது. முழுக்க ஊறிய பிறகு யாரிடம் போய்ச் சொல்வது? அங்கே நடந்தது பொய் என்றால் பிள்ளை பொய்யன். நிஜமென்றால் தகப்பன் காட்டிக் கொடுத்தவன். பாம்பென்று அடிக்கவும் முடியாமல், பழுதென்று தாண்டவும் முடியாமல் இத்தனை வருஷம் ஓட்டினார்.

இப்போது வியாழக்கிழமை வரைக்கும்தான் தவணை. கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் மகள் ஏன் என்பாள். தம்பி நல்லாத்தானே இருக்கான் என்பாள். அவள் கண்ணுக்குத் தெரிகிறதெல்லாம் ஒரு அடங்கின ஆள். அடங்குகிற பிள்ளை ஒன்று இருந்தால் போதும் என்கிற நிலையில் அவள் இருக்கிறாள். காரணத்தைச் சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை முழுக்க மகனிடம் பேச்சுக் கொடுக்கப் பார்த்தார். மகனே ஏதாவது சொல்லிவிட்டால் தான் சொல்ல வேண்டியிருக்காது என்று ஒரு கணக்கு. கேட்டுக்குக் குறுக்குக் கம்பி வைத்துக்கொண்டிருந்தான். எதிரில் போய்க் குந்தினார்.

"உங்கக்கா பொண்ணை அங்க அனுப்பறாளாம்."

"சரிப்பா."

"நீ அங்க இருந்திருக்கே. அனுப்பலாமா?"

வெல்டிங் ராடு கம்பியில் ஒட்டிக்கொண்டது. நேற்றுச் சேர்ந்தவனுக்கு ஒட்டும். இவனுக்கு ஒட்டி யாரும் பார்த்ததில்லை. இரண்டு தரம் ஆட்டிப் பிடுங்கினான். முனையை உடைத்துப் போட்டான்.

"நீங்க என்ன சொல்றீங்களோ அது சரிப்பா."

"நான் உன்னைக் கேக்கறேன்டா."

மகன் பதில் தேடுகிற மாதிரி தரையைப் பார்த்தான். எந்தப் பதில் சரியான பதில் என்று தேடுகிறான், அவ்வளவுதான். பட்டறைக்காரருக்கு அது தெரிந்தது. சரி, வேலையைப் பாரு என்றார். அவன் மூச்சு விட்டதை அவர் கேட்டார்.

வியாழக்கிழமை மகள் லீவு போட்டுவிட்டுப் பேத்தியோடு பதினொரு மணிக்கே வந்துவிட்டாள். ஒரு பை. அதில் நாலு துணி, பல்துலக்கி, துண்டு. கண்ணாடி, சீப்பு, பேனா எதுவும் கூடாது என்று தாளில் போட்டிருந்ததாம். பேத்தியிடம் ஹாஸ்டல் என்றுதான் சொல்லியிருந்தாள். அந்தப் பெண்ணா நம்பும்? வந்ததும் வராததுமாகத் தாத்தாவிடம், "என்னை எடைக்குப் போடறாங்க தாத்தா, நீங்களாவது நல்ல வெலை கேளுங்க" என்றாள். குரலில்தான் தெனாவட்டு. கை பையின் வாரைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தது.

மத்தியானம் சோறும் பருப்பும் முட்டையும் வைத்துச் சாப்பிட்டார்கள். மகன் சுவரோரம் உட்கார்ந்து வழக்கம்போல முடித்துவிட்டு எழுந்தான். பேத்தி அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மாமா, யாரும் உங்க தட்டைப் பிடுங்கலை. மெதுவாத்தான் சாப்பிடுங்களேன்."

"பழகிருச்சும்மா."

"எங்க பழகினீங்க?"

மகன் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டான். மகள் அவளை வாயை மூடிக்கொண்டு சாப்பிடச் சொன்னாள்.

இரண்டரை மணிக்கு வண்டி வந்தது. வெள்ளை வேன், பளிச்சென்று துடைத்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருத்தன் இளவட்டம், தோளே கதவகலம் இருந்தது. இன்னொருவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. சட்டை இஸ்திரி. பட்டறைக்காரருக்கு அடையாளம் தெரியக் கொஞ்ச நேரமாயிற்று. அன்றைக்குப் பிஸ்கட் தட்டை நகர்த்திய அதே பொறுப்பாளர்.

மகன் கிரைண்டர் ஓட்டிக்கொண்டிருந்தான். தீப்பொறி தெருவரைக்கும் தெறித்தது. பொறுப்பாளர் சுற்றுமுற்றும் பார்த்தார், அவனைப் பார்த்தார், முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அட, நம்ம பையன்."

அவர் சத்தமாகச் சொல்லவில்லை. கிரைண்டர் இரைச்சலில் அது எப்படி அவன் காதில் விழுந்ததோ தெரியாது. மகன் திரும்பினான். கிரைண்டரை நிறுத்தினான், தரையில் வைத்தான், வயரைச் சுருட்டி ஒழுங்காக அதன் பக்கத்தில் வைத்தான். எழுந்து சுவரோரம் போனான். முதுகு சுவரில் ஒட்ட, இரண்டு கையையும் பின்னால் கட்டி, கண்ணைத் தன் கால் பெருவிரலில் வைத்து நின்றான்.

"எப்படிப்பா இருக்கே?"

"நல்லா இருக்கேன் சார். இங்க நல்லா பாத்துக்கறாங்க சார்."

அப்பன் வீடு அது. அவன் பிறந்து தவழ்ந்த இடம். மகள் சட்டென்று நிமிர்ந்தாள். ரெண்டு வருஷமும் பதினைந்து நாளைக்கொரு முறை விடுதியிலிருந்து வந்த கடிதம் ஒவ்வொன்றிலும் முதல் வரி அதுதான். அம்மாவுக்கு எழுத்து தெரியாது என்று அவள்தான் எல்லாவற்றையும் படித்துக் காட்டியிருக்கிறாள்.

பொறுப்பாளருக்குப் பெருமை தாங்கவில்லை. பதினெட்டு வருஷமாச்சும்மா, பாருங்க, போட்ட ஒழுக்கம் எங்கேயும் போகலை, என்று மகளிடம் சொன்னார். பிறகு மேஜைக்கு வந்து காகிதத்தை விரித்தார். பள்ளிக்கூட மாற்றுச் சான்று, டாக்டர் சீட்டு, ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார். முதல் மூணு மாசம் போன் கிடையாது, அப்புறம் மாசம் ஒரு தடவை, பக்கத்தில் ஆள் இருப்பார்கள் என்றார். மகள் தலையாட்டிக்கொண்டிருந்தாள், ஆனால் பார்வை சுவரோரமே போய்ப் போய் வந்தது. பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அவனை யாரும் போகச் சொல்லவில்லை. அவன் அப்படியே நின்றான்.

பேத்தி பையைக் கீழே வைத்தாள். மாமனிடம் போனாள்.

"மாமா, வந்து உக்காருங்க."

அவன் அசையவில்லை.

"மாமா, கால் நடுங்குது உங்களுக்கு. உக்காருங்க." முழங்கையைப் பிடித்து இழுத்தாள். இரும்புத் தூணை இழுத்த மாதிரி இருந்திருக்கும். கையை விட்டுவிட்டுப் பொறுப்பாளர் பக்கம் திரும்பினாள். குரலில் தெனாவட்டெல்லாம் போய்விட்டிருந்தது. "நீங்க சொன்னாத்தான் நகருவாரா?"

பொறுப்பாளர் சிரித்தார். கையை லேசாக வீசி, போதும்பா, போய் வேலையைப் பாரு, என்றார்.

"தேங்க்யூ சார்" என்றான் மகன். கையை அவிழ்த்துக்கொண்டு போய்க் கிரைண்டர் பக்கத்தில் குந்தினான். ஆனால் அதைத் தொடவில்லை.

பேத்தி அவன் எதிரில் போய் உட்கார்ந்தாள். "அங்க போனா நானும் இப்படி ஆயிடுவேனா மாமா?"

பொறுப்பாளர் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். அந்த டப் டப் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆமா" என்றான்.

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவன் யார் சொல்லியும் இல்லாமல் தானாகச் சொன்ன ஒரு வார்த்தை. மகள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. ஆனாலும் அவள் நிலைமை அவளுக்கு. மரியாதைக்குத்தானே நின்னான், பெரியவங்களைப் பாத்தா நிக்கறது ஒரு தப்பா, என்று யாருக்குச் சொல்கிறாள் என்று தெரியாமல் சொன்னாள். பொறுப்பாளர் அதைப் பிடித்துக்கொண்டு, அதேதாம்மா, என்று பேனாவைப் பட்டறைக்காரரிடம் நீட்டினார்.

பட்டறைக்காரர் பேனாவை வாங்கவில்லை. மகளைப் பார்த்துச் சொன்னார்.

"நீ மூணு மாசம் கழிச்சுப் பாக்கப் போவே. உன் பொண்ணு உன்கிட்ட ஒண்ணு சொல்வா. என்னன்னு எனக்குத் தெரியாது, என்னமோ சொல்வா. நீ வெளிய வந்ததும் இவர் சிரிச்சுகிட்டே கேப்பார், பொண்ணு என்ன சொன்னான்னு. நீ அதைச் சொல்லணும். இந்தத் தாள்லயே போட்டிருக்கு, ரெண்டாம் பக்கம். என்னையும் கேட்டார். நான் சொன்னேன். என் புள்ள என்னை நம்பி, கதவு சாத்தின பொறவு என் காதுல சொன்னதை, நான் ஒரு வார்த்தை விடாம இவர்கிட்ட சொல்லிட்டு, பிஸ்கட் தின்னுட்டு வந்தேன். அதுக்கு அப்புறம் அவன் என்கிட்ட எதையும் சொன்னதில்லை. இன்னைக்கு வரைக்கும் சொன்னதில்லை."

பொறுப்பாளர் ஏதோ சொல்ல வந்தார். பெற்றவர்கள் இப்படிப் பிற்பாடு குற்ற உணர்ச்சியில் பேசுவது சகஜம் என்றார். சிகிச்சை முறையை வெளியாட்கள் புரிந்துகொள்வது கஷ்டம் என்றார். மகள் அவர் பேச்சைக் கேட்டாளா என்பதே தெரியவில்லை. தம்பியைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டி, மேஜையில் இருந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் பக்கம் அடுக்கினாள். தன் கையெழுத்து இருந்த தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகினாள்.

"வேணாங்க" என்றாள். "நீங்க கெளம்புங்க."

நாளைக்கு இந்தப் பொண்ணு கைமீறிப் போனா எங்க வாசல்ல வந்து நிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு அவர் போனார். போகும்போது மகன் பக்கம் பார்த்துத் தலையசைத்தார். மகன் எழுந்து நின்றுவிட்டான். வண்டி தெருமுனை திரும்பும் வரைக்கும் நின்றான்.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. மகள் டிரம்மின் மேல் உட்கார்ந்து முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். நாளைக்கு இவ ஸ்கூலுக்குப் போகலேன்னா நான் என்ன செய்யட்டும், வேலைக்குப் போவேனா, இவ பின்னாலயே அலைவேனா, சொல்லுங்கப்பா, என்று கேட்டாள்.

"தெரியலம்மா" என்றார் பட்டறைக்காரர். நிஜமாகவே தெரியவில்லை.

பேத்தி, நான் இங்கதான் இருக்கேன், நான் காது கேக்காதவ மாதிரி பேசாதீங்க, என்றாள். மகள் அவளை ஒரு முறை முறைத்தாள். இருவரும் பையை எடுத்துக்கொண்டு போனார்கள். ஆறடி இடைவெளி மட்டும் கொஞ்சம் குறைந்திருந்த மாதிரி இருந்தது. கடைசல்காரன் வாசலில் நின்றான். வழக்கமாக ஏதாவது சொல்கிறவன், அன்று வழிவிட்டு ஒதுங்கினான்.

பட்டறைக்காரர் மகன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கீழே கிடந்த ராடு துண்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டார்.

"நான் சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சுப்பா."

"நான்தான்டா சொன்னேன் அவங்ககிட்ட."

"தெரியும்ப்பா."

அவர் கை நின்றது. "எப்ப தெரியும்?"

"அன்னிக்கு சாயங்காலமே. நீங்க பஸ் ஏறின ஒடனே எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு, நீங்க சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டினாங்க. பக்கத்துக் கட்டில் பையன் விஷயம் வரைக்கும்." குரலில் கோபம் இல்லை. கதவு அளவு சொல்கிற குரல். "அப்புறம் அந்த ரூம்."

"எத்தினி நாள்?"

"ஆறு."

கூரைத் தகரம் சூடு இறங்கிக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ சைக்கிள் பெல்லை விடாமல் அடித்துக்கொண்டு போனார்கள். பதினாறு வருஷம் இவன் எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து வேலை செய்திருக்கிறான், என் தட்டைக் கழுவியிருக்கிறான், காய்ச்சலில் கிடந்தபோது கால் பிடித்துவிட்டிருக்கிறான், எல்லாம் தெரிந்துகொண்டே, என்று பட்டறைக்காரருக்கு ஓடியது.

"தெரிஞ்சுமா இத்தனை வருஷம் இருந்தே? ஏன்ப்பா அப்படிப் பண்ணீங்கன்னு ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமேடா."

மகன் இந்தத் தடவை சரியான பதிலைத் தேடவில்லை. கையில் இருந்த கம்பித் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கேக்கணும்னு இருந்துச்சுப்பா. கேட்டா, நீங்க அதை யார்கிட்ட போய்ச் சொல்வீங்களோன்னு இருந்துச்சு."

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சொல்லப் பட்டறைக்காரர் வாயைத் திறந்தார். அதைச் சொல்வதற்கு, ஏற்கெனவே சொல்லிவிட்ட தான் இல்லாமல், வேறு ஒரு ஆள் வேண்டும் என்று பட்டது. மூடிக்கொண்டார்.

நாளைக் காலையில் கேட்டைக் கொண்டுபோய் மாட்ட வேண்டும். பெயின்ட் அடிக்க அதைப் புரட்டிப் போட வேண்டியிருந்தது. கனமான கேட்டு, ஒரு ஆளால் ஆகாது. மகன் எழுந்துபோய் ஒரு முனையைப் பிடித்து, அப்பா வரட்டும் என்று குனிந்தபடியே நின்றான். இவர் முழங்காலில் கையூன்றி எழுந்துபோய் மறுமுனையைப் பிடித்தார்.

"மொதல்ல எந்தப் பக்கம் சாய்க்கணும், நீ சொல்லு" என்றார்.

மகன் குனிந்தபடியே இருந்தான். அவர் காத்துக்கொண்டிருந்தார். இரும்பின் கனம் இருவர் கையிலும் இருந்தது.